ஆணியில்லாக் கோயில்களும் நிலையில்லா எல்லைகளும்

ஐரோப்பாக் கண்டத்தின் நடுவே, போலந்து நாட்டின் தென்கோடியும் ஸ்லோவாக்கியா நாட்டின் வடகோடியும் ஒன்றையொன்று தொடுமிடத்தில், தத்ரா என்னும் மலைத்தொடர் ஓங்கி நிற்கிறது. அம்மலையின் வடக்கிலும் கிழக்கிலும் விரியும் பள்ளத்தாக்குகளில் பழம்பெரும் ஊர்கள் பல உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை அடங்கிய நிலப்பகுதிக்கு ஸ்பிஷ் என்று பெயர். இன்று காலையில் போலந்தின் நொவி தார்க் என்னும் ஊரிலிருந்து மோட்டார் வண்டியிற் புறப்படும் ஒருவர், எல்லையைக் கடந்து, வழியிலுள்ள ஊர்களை நின்று நிதானமாகக் கண்டு, மாலைக்குள் ஸ்லோவாக்கியாவின் லெவொச்சா நகரை அடைந்துவிடலாம். வழித்தொலைவு ஏறக்குறைய 100 கிலோமீட்டர்தான். ஆயினும் அந்த நூறு கிலோமீட்டருக்குள் அறுநூறு ஆண்டு வரலாறு அடங்கிக் கிடக்கிறது. நூல்களையும் நிலப்படத்தையும் துணையாகக் கொண்டு, அன்பர்களே, அவ்வழியே நாமும் ஒருமுறை சென்று வருவோம்.

இப்பயணத்தில் நாம் காணப்போவனவற்றுட் சிறந்தவை மரத்தாலான கிறிஸ்தவக் கோயில்கள். மரமோ மழையில் நனையும்; புழு அரிக்கும்; ஒரு தீப்பொறி பட்டாற் சாம்பலாகும். இப்பகுதியை ஆண்ட பேரரசுகள் மறைந்தன. எல்லைக் கோடுகள் பலமுறை அழித்து எழுதப்பட்டன. அப்படியிருக்க, மரத்தாற் கட்டிய இக்கோயில்கள் மட்டும் எங்ஙனம் நிலைத்தன? இவ்வினாவை மனத்திற் கொண்டே நாம் வழிநடப்போம்.

டெம்ப்னோ

நொவி தார்க்கிலிருந்து கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் சென்றால் டெம்ப்னோ என்னும் சிற்றூர் வரும். அங்கே அதிதூதர் மிக்கேலின் பெயரால் விளங்கும் கோயில், 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுப்பப்பட்டது. அதன் கோபுரம் 1601ஆம் ஆண்டிற் சேர்க்கப்பட்டது. இதனை எழுப்பியவர்கள் மலைநாட்டுத் தச்சர்கள். அவர்களுக்கு அருகிற் கிடைத்த பொருள் காட்டு மரம். லார்ச் முதலிய ஊசியிலை மரங்களை வெட்டிச் சதுரித்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கை வசமாக அடுக்கினார்கள். சுவர் மூலைகளில் ஒரு மரத்திற் பள்ளம் வெட்டி, மற்றொன்றின் முனையை அப்பள்ளத்திற் பொருத்தினார்கள். பிணைப்புக்கு வேண்டிய இடங்களில் மர முளைகளையே அறைந்தார்கள். இரும்பாணியின் உதவி இல்லாமலே சுவர் நின்றது. மரம் காய்ந்து சுருங்கினாலும், ஈரத்தில் விம்மினாலும், அடுக்கு முழுவதும் ஒன்றாக அசைந்து கொடுக்குமேயன்றிப் பிளந்து விழாது.

பனி தங்காமல் வழுகி விழும்பொருட்டுக் கூரையை மிகச் சரிவாக அமைத்து, மெல்லிய மரச் சில்லுகளை ஓடு வேய்வது போல் வேய்ந்தார்கள். இச்சில்லுகளே மழையையும் பனியையும் முதலில் ஏற்பவை. சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை இவற்றைக் கழற்றிப் புதியன வேயவேண்டும். வேயத் தவறினால் நீர் உட்புகுந்து சுவர் மரம் உளுத்துவிடும். ஆகவே, இன்று நாம் காணும் கூரை கட்டிய நாளின் கூரையன்று. தலைமுறை தலைமுறையாக ஊரார் மாற்றி மாற்றி வேய்ந்து வந்த கூரையே அது. இதனை இப்போது நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

கோயிலின் வெளிப்புறத்தைச் சுற்றித் தாழ்வாரம் ஒன்று ஓடுகிறது. இத்தகைய தாழ்வாரத்திற்குப் போலிஷ் மொழியில் ‘சனிக்கிழமைகள்’ என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டிற்குத் தொலைவான ஊர்களிலிருந்து முதல்நாளே நடந்து வந்தவர்கள் சனிக்கிழமை இரவை அங்கே கழித்தமையால் அப்பெயர் வந்தது என்பர். வழிப்போக்கர்க்கு இடந்தந்த நம் நாட்டுத் திண்ணையை இது நினைவூட்டுகிறதன்றோ?

உள்ளே புகுந்தால் கண் கூசும். விதானமும் சுவரும் எங்கும் வண்ணக் கோலங்கள். தகட்டில் உருவங்களைத் துளையாக வெட்டி, அதனைப் பலகைமேல் வைத்து வண்ணம் பூசும் முறையில், 1500ஆம் ஆண்டையொட்டி இவை தீட்டப்பட்டன. கொடியும் பூவும் பறவையும் விலங்குமாக 77 வகை உருவங்களை ஆராய்ந்தோர் எண்ணியிருக்கின்றனர். பூசையின்போது மணிக்குப் பதிலாக ஒலிக்கப்பட்ட, மரச்சட்டங்களாலான பழைய சிறு இசைக்கருவி ஒன்றும் இங்கே காப்பாற்றப்பட்டு வருகிறது. 2003ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் தென்போலந்தின் மரக்கோயில்கள் ஆறனை உலக மரபுச் செல்வங்களாக ஏற்றது. அவ்வாறனுள் டெம்ப்னோவும் ஒன்று.

ஆற்றின் இரு கரைகள்

டெம்ப்னோவை விட்டுக் கிழக்கே செல்கையில் துனாயெட்ஸ் ஆற்றின்குறுக்கே 1997ஆம் ஆண்டில் முடிக்கப்பட்ட அணையின் நீர்த்தேக்கம் பரந்து கிடக்கிறது. நீர்ப்பரப்பின் ஒருபுறம் சோர்ஷ்டின் கோட்டையின் இடிபாடு. மறுபுறம் நியெஜிட்சா கோட்டை. இரண்டும் ஒன்றையொன்று முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பன போல் நிற்கின்றன. பண்டை நாளில் இந்த ஆறே எல்லை. சோர்ஷ்டின் போலந்து மன்னனுடையது. நியெஜிட்சா ஹங்கேரி மன்னனுக்கு உட்பட்டது. ஆனால் இன்று இரு கோட்டைகளும் போலந்திலேயே உள்ளன. கோட்டைகள் நகரவில்லை, எல்லைதான் நகர்ந்தது.

முதல் உலகப்போரின் முடிவில் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசு உடைந்தது. புதிதாய்ப் பிறந்த செக்கொஸ்லோவாக்கியாவும் மீண்டெழுந்த போலந்தும் ஸ்பிஷ் நாட்டுக்கு உரிமை கொண்டாடின. 1920 ஜூலையில் வல்லரசுகளின் தூதர் மாநாடு ஒரு கோடு கிழித்து, வடபகுதிச் சிற்றூர்கள் சிலவற்றைப் போலந்துக்கும், எஞ்சிய பெரும்பகுதியைச் செக்கொஸ்லோவாக்கியாவுக்கும் பங்கிட்டது. 1939இல் ஜெர்மனி போலந்தைத் தாக்கியபோது, ஜெர்மனியின் சார்பில் நின்ற ஸ்லோவாக்கியா அச்சிற்றூர்களைச் சேர்த்துக்கொண்டது. 1945இல் அவை மறுபடியும் போலந்துக்குச் சென்றன. நியெஜிட்சாவில் 1910ஆம் ஆண்டிற் பிறந்த குழந்தை ஒன்றை எண்ணிப் பாருங்கள். அது ஹங்கேரியிற் பிறந்து, போலந்தில் வளர்ந்து, ஸ்லோவாக்கியாவிற் போர்க்காலத்தைக் கழித்து, முடிவில் மீண்டும் போலந்துக் குடியாயிருக்கும். இத்தனைக்கும் அது தன் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்கியிருக்க வேண்டியதில்லை.

இச்சிற்றூர்களுள் ஒன்றான திரிப்ஷில் 1567ஆம் ஆண்டின் மரக்கோயில் ஒன்று உண்டு. அதன் உட்சுவர்களில் 1647இல் எழுதப்பட்ட ஓவியங்களினிடையே தத்ரா மலைத்தொடரின் காட்சியும் இடம்பெற்றிருக்கிறது. அம்மலையைத் தீட்டிய மிகப் பழைய ஓவியங்களுள் அதுவும் ஒன்று. கொடிகள் மாறினாலும் மலை மாறவில்லை என்பதை அவ்வோவியன் அறிந்தே எழுதினான் போலும்!

அடகு வைத்த ஊர்கள்

நியெஜிட்சாவுக்கு அப்பால் எல்லை. 2007 டிசம்பர் 21ஆம் நாள் இரு நாடுகளும் ஷெங்கன் உடன்பாட்டிற் புகுந்தபின், இங்கு வழக்கமான சோதனைகள் நீக்கப்பட்டன. மலைக்கணவாய் ஒன்றை ஏறி இறங்கினால் ஸ்பிஷ்ஸ்கா பெலா என்னும் சிறு நகரம். ஒளிப்படக் கருவிக்கு 1840இல் ஒளிமிக்க உருவப்படக் கண்ணாடிவில்லையைக் கணித்துத் தந்த யோசெஃப் பெட்ஸ்வால் 1807ஆம் ஆண்டில் இங்கேதான் பிறந்தார். ஆனால் நம் கதைக்கு வேண்டுவது அதனினும் பழைய செய்தி.

1412ஆம் ஆண்டில் ஹங்கேரி மன்னர் ஸிகிஸ்மண்ட் பணமுடையில் இருந்தார். வெனிஸ் குடியரசோடு போர். அவர் போலந்து மன்னர் யாகியெல்லோவிடம் 37,000 ‘கோபா’ பிராகா வெள்ளிக்காசு கடன் பெற்றார். கோபா என்பது அறுபது. கணக்கிட்டால் 22 இலட்சத்து 20 ஆயிரம் காசு. அதற்கு ஈடாக ஸ்பிஷ் நாட்டின் ஊர்கள் பதினாறும் லுபொவ்னா கோட்டையும் அடகு வைக்கப்பட்டன. ஸ்பிஷ்ஸ்கா பெலாவும் அவற்றுள் ஒன்று. நகையை அடகு வைப்பதை நாம் அறிவோம். நிலத்தை அடகு வைப்பதையும் அறிவோம். இங்கோ, சந்தையும் கோயிலும் மக்களுமாக முழு ஊர்களே ஈடாயின.

அக்கடன் திருப்பித் தரப்படவேயில்லை. 1769இல் ஆஸ்திரியப் படைகள் அவ்வூர்களிற் புகுந்தன. 1772இல் போலந்து முதன்முறை பங்கு போடப்பட்டபோது அவை ஹங்கேரியோடு முறைப்படி சேர்ந்தன. 360 ஆண்டுகள் அடகிற் கிடந்த ஊர்கள் பணம் கொடாமலே மீண்டன. கடன் கொடுத்தவன் வலிமை குன்றினான், அவ்வளவே நியாயம்.

கெஷ்மரொக்

ஸ்பிஷ்ஸ்கா பெலாவிலிருந்து சிறிது தொலைவில் கெஷ்மரொக் நகரம். அடகிற் சேராத, வணிகத்தாற் செழித்த நகரம் இது. இங்கே வாழ்ந்தவர்களுட் பெரும்பாலோர் இடைக்காலத்தில் ஹங்கேரி மன்னர்களால் வரவழைக்கப்பட்டுக் குடியேறிய ஜெர்மானியரின் வழிவந்தோர். 16ஆம் நூற்றாண்டில் அவர்கள் லூத்தரின் சீர்திருத்தக் கொள்கையைத் தழுவினார்கள்.

அடுத்த நூற்றாண்டில் காற்று மாறியது. கத்தோலிக்கரான ஹாப்ஸ்பர்க் பேரரசர் லியோபோல்டின் ஆட்சியில் புரோட்டஸ்டண்டுகளின் கோயில்களும் பள்ளிகளும் பறிக்கப்பட்டன. போதகர்கள் பலர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். பணிய மறுத்தவர்களுட் சிலர் நேப்பிள்ஸுக்குக் கொண்டு செல்லப்பட்டு, கப்பல்களில் துடுப்பு வலிக்கும் அடிமைகளாக விற்கப்பட்டனர். 1676ஆம் ஆண்டில் டச்சுக் கடற்படைத் தலைவர் டி ராய்ட்டர் அவர்களுள் 26 பேரை மீட்டார்.

கிளர்ச்சிகள் மிகவே பேரரசர் சிறிது இறங்கி வந்தார். 1681இல் ஷோப்ரோன் நகரிற் கூடிய சபை, தன் 25, 26ஆம் விதிகளால், வரையறுத்த சில இடங்களில் மட்டும் புரோட்டஸ்டண்டுகள் கோயில் எழுப்பிக்கொள்ள இசைவு தந்தது. அவ்விசைவோடு நடைமுறையில் பல நிபந்தனைகளும் வந்து சேர்ந்தன. கோயில் நகர மதிலுக்கு வெளியே இருக்கவேண்டும்; மலிவான பொருளாகிய மரத்தாற் கட்டவேண்டும்; கோபுரம் கூடாது; செலவு முழுவதும் அவர்களுடையதே. நீங்கள் இருக்கலாம், ஆனால் நிலைத்திருக்கக் கூடாது என்பதே அந்த இசைவின் உட்பொருள்.

கெஷ்மரொக் மக்கள் அந்த இசைவை ஏற்றுக்கொண்டார்கள். மதிலுக்கு வெளியே முதலில் ஒரு சிறு மரக்கோயில் எழுந்தது. அது இடம் போதாமையால், 1717ஆம் ஆண்டில் பொப்ராட் ஊர்த் தச்சர் தலைவர் கியோர்க் மூட்டர்மன் அதனினும் பெரியதொன்றை எழுப்பினார். சுவீடன், டென்மார்க் முதலிய நாடுகளிலிருந்து ஒத்த கொள்கையினர் பொருள் உதவினர். சிலுவை வடிவில் அமைந்த அக்கோயிலில் 1,500 பேர் அமரலாம். வெளியே மண் பூசி வெள்ளையடித்திருப்பதால், பார்ப்பவர்க்கு அது ஒரு பெரிய களஞ்சியம் போலத் தோன்றும். உள்ளே நுழைந்தவுடன் தலைக்குமேல் நீலவானம்! மர விதானம் முழுவதும் முகில்களோடு கூடிய வானமாகத் தீட்டப்பட்டு, திருத்தூதர் பன்னிருவரும் அதிற் காட்சி தருகின்றனர். கோபுரம் எழுப்பி வானத்தைத் தொடக்கூடாது என்றார்கள். வானத்தையே கூரைக்குக் கீழே இறக்கிவிட்டார்கள் அத்தச்சர்களும் ஓவியர்களும்.

இவ்விதிகளின்படி எழுந்த மரக்கோயில்கள் 38 என்பர். இன்று எஞ்சியவை ஐந்தே. 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஏற்ற ஸ்லோவாக்கிய மரக்கோயில்கள் எட்டனுள் கெஷ்மரொக் கோயிலும் இடம்பெற்றது.

1781இல் பேரரசர் இரண்டாம் ஜோசப் சமயப் பொறுமை ஆணையைப் பிறப்பித்தார். பிறகு கல்லாற் கட்டத் தடையில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வியன்னாப் பாராளுமன்றக் கட்டடத்தை வகுத்த தியோஃபில் ஹான்சனின் வரைபடத்தின்படி, பழைய கோயிலுக்கு அருகிலேயே பெரிய புதுக்கோயிலை எழுப்பினார்கள். வேறோர் ஊராக இருந்தால் அன்றே பழைய மரத்தைப் பிரித்து விறகாக்கியிருப்பார்கள். இவர்கள் பிரிக்கவில்லை. சிறுமைப்படுத்த விதித்த பொருளையே பெருமையாகக் கொண்டு போற்றினார்கள்.

கோயிலையடுத்து லைசியம் என்னும் பழைய கல்விச்சாலை நிற்கிறது. ஸ்லாவிய மொழி ஆராய்ச்சியின் முன்னோடிகளுள் ஒருவரான ஷஃபாரிக்கும், ஸ்லோவாக்கியரின் பெருங்கவிஞர் ஹ்வியெஸ்தொஸ்லாவும் இங்கே பயின்றவர்கள். ஜெர்மானியர் வளர்த்த பள்ளியில் ஸ்லோவாக்கியரும் ஹங்கேரியரும் உடன் அமர்ந்து படித்தனர். அதன் நூலகத்தில் 150,000 நூல்கள் இருக்கின்றன.

புறப்பட்டவர்களும் மீளாதவர்களும்

இவ்வளவும் கேட்டபின் ஒரு வினா எழும். இக்கோயிலைக் கட்டியவர்களின் வழித்தோன்றல்கள் இன்று எங்கே? இங்கேதான் நம் பயணத்தின் மிகத் துயரமான பகுதி வருகிறது.

கெஷ்மரொக்கிலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் பொப்ராட் இரயில் நிலையம் இருக்கிறது. 1942 மார்ச் 25ஆம் நாள் அந்நிலையத்திலிருந்து ஒரு வண்டி புறப்பட்டது. அதில் ஏறக்குறைய ஆயிரம் யூதப் பெண்கள் ஏற்றப்பட்டிருந்தார்கள், பெரும்பாலோர் இளம்பெண்கள். வேலைக்கு அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருந்தனர். வண்டி சென்றடைந்த இடம் ஆஷ்விட்ஸ் கொலைக்களம். அவ்வாண்டில் மட்டும் ஸ்லோவாக்கியாவிலிருந்து சுமார் 58,000 யூதர்கள் அவ்வாறு கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் உயிரோடு மீண்டவர் மிகச் சிலர். அனுப்பப்பட்ட ஒவ்வொருவருக்கும் 500 மார்க் வீதம் ஸ்லோவாக்கிய அரசே ஜெர்மனிக்குப் பணம் கட்டியது.

இருப்புப்பாதையை நம்பிப் பிழைக்கும் நம்போன்றோர் இச்செய்தியை எளிதிற் கடந்து செல்லல் இயலாது. ஒரு வண்டி தானாகப் புறப்படாது என்பதை நாம் அறிவோம். யாரோ ஒருவர் பெட்டிகளைக் கணக்கிட்டிருக்கவேண்டும். யாரோ ஒருவர் புறப்படும் நேரத்தை ஏட்டிற் குறித்திருக்கவேண்டும். யாரோ ஒருவர் பச்சைக் கொடி காட்டியிருக்கவேண்டும். அன்றாட அலுவலைப் பிழையின்றிச் செய்த கைகள் அவை. எழுதுகோலுக்கும் ஒரு மனச்சான்று வேண்டும் என்பதைப் பொப்ராட் நிலையம் நமக்கு உரைக்கிறது.

போர் முடியுந் தறுவாயில் வினை திரும்பியது. 1944ஆம் ஆண்டின் இறுதியிற் போர்முனை நெருங்கவே, ஸ்பிஷ் நாட்டு ஜெர்மானியர் பெருந்திரளாக வெளியேற்றப்பட்டனர். 1945, 1946 ஆண்டுகளில் எஞ்சியவருட் பெரும்பாலோர் நாடு கடத்தப்பட்டனர். குற்றம் செய்தவர், செய்யாதவர் என்ற பாகுபாடு பெரிதும் பார்க்கப்படவில்லை. எழுநூறு ஆண்டுகளாக வாழ்ந்த ஒரு மக்கட்கூட்டம் ஓரிரண்டு ஆண்டுகளிற் கரைந்தது. மரக்கோயில் மட்டும் எஞ்சி நின்றது.

லெவொச்சா

மாலை நெருங்குகிறது. கெஷ்மரொக்கிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் கடந்து லெவொச்சாவை அடைகிறோம். மதில் சூழ்ந்த இந்நகரின் நடுச் சதுக்கத்தில் புனித யாக்கோபு கோயில் நிற்கிறது. இது கற்கோயில்தான். எனினும் இதனுள்ளும் நாம் காணவந்தது மரமே. பவுல் என்று மட்டும் அறியப்படும் சிற்பாசாரியாரின் பட்டறையில், 1507 முதல் 1517 வரையிலான பத்தாண்டுகளில் செய்யப்பட்ட பலிபீடம் 18.62 மீட்டர் உயரம் உடையது. உலகிலுள்ள கோதிக் பாணி மரப் பலிபீடங்களுள் இதுவே மிக உயரமானது. அதன் அடியில் இயேசுநாதரின் இறுதி இராவுணவுக் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. சீடர்களின் முகங்கள் வானவர் முகங்கள் அல்ல. சந்தையிற் காணும் மனிதர் முகங்கள்.

இப்பலிபீடம் முடிந்த அதே 1517இல்தான் லூத்தர் தம் சீர்திருத்தக் குரலை எழுப்பினார். பின்னர் இக்கோயில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் நெடுங்காலம் லூத்தர் சபையாரின் கையில் இருந்தது. சீர்திருத்தம் பரவிய வேறு இடங்கள் சிலவற்றில் சிலைகளும் பீடங்களும் உடைத்தெறியப்பட்டன. லெவொச்சாவின் லூத்தர் சபையார் உடைக்கவில்லை. தம் கொள்கைக்குரியதல்லாத திருவுருவங்களைக் காத்து வைத்திருந்து, கத்தோலிக்கரிடம் கோயில் மீண்டபோது முழுமையாகவே விட்டுச் சென்றார்கள். 2009இல் லெவொச்சாவின் பழைய நகரமும் உலக மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

கட்டியவரும் காப்பவரும்

புறப்படும்போது எழுப்பிய வினாவுக்கு விடை இப்போது கிடைக்கிறது. மரக்கோயில்கள் மரத்தின் வலிமையால் நிற்கவில்லை. ஆணியில்லாத இணைப்பின் திறத்தால் மட்டும் நிற்கவும் இல்லை. கூரையின் சில்லு பழுதுபட்டபோதெல்லாம் ஏணி வைத்து ஏறிய மனிதர் ஒருவர் இருந்தார்; அதனால் நிற்கின்றன. அம்மனிதர் கட்டியவரின் பேரனாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. திரிப்ஷ் கோயிலை ஹங்கேரிக் குடிகளாக இருந்தவர்களும் காத்தார்கள். அவர்களே போலந்துக் குடிகளாகியும் காத்தார்கள். கத்தோலிக்கர் செய்வித்த பலிபீடத்தை லூத்தர் சபையார் காத்தார்கள். ஜெர்மானியர் கட்டிய கெஷ்மரொக் கோயிலையும் நூலகத்தையும் இன்று ஸ்லோவாக்கியர்கள் காக்கிறார்கள்.

பிறந்த ஊரை விட்டு, வேற்று மொழி வழங்கும் நகரில் வேலையின் பொருட்டுக் கூடி வாழும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. நம் மொழியையும் கலையையும் இங்கே பேணுவதற்காகச் சங்கம் வைத்திருக்கிறோம். அது நம் கடமை. நாம் வாழும் இந்நகரில் பிறர் கட்டிய பழங்கோயிலும் மசூதியும் மண்டபமும் நூலகமும் இருக்கின்றன. அவற்றை இவை நம்முடையன அல்ல என்று கருதிக் கடந்து செல்கிறோம். ஒரு பொருளைக் காக்க உரிமைப் பத்திரம் வேண்டியதில்லை. கூரை ஒழுகுவதைக் காணும் கண்ணும், ஏணியைத் தூக்கும் கையும் போதும். எல்லையை வகுப்போர் வகுக்கட்டும். சில்லுகளை மாற்றுவோர் மாற்றிக்கொண்டேயிருப்பாராக!